பதக்கம்: இல்லை

வேலூரில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கிருந்த அதிகாரி அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு கட்டத்தின் மேல் பென்சிலால் தட்டினார். பதக்கங்கள் என்ற தலைப்புக்கு எதிரே, இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதே பக்கத்தின் அடியில் அப்பாவின் கையெழுத்து. தமிழில், ஒவ்வோர் எழுத்தும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நின்றது.

"உங்கப்பாவே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

எழுபதுகள் முடிகிற சமயம். எனக்குப் பதினெட்டு வயது. ஜவ்வாது மலையின் வடக்குச் சரிவில் இருந்த எங்கள் சிற்றூரிலிருந்து இறங்கி, ஒடுகத்தூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். மலைசாதிப் பிள்ளைகளுக்கான இடங்களில் என் பெயர் வரவில்லை. மிச்சம் இருந்தது முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் என்பதால் அந்த வரிசையும் நீளம். ஆனால் சண்டையில் காயம்பட்டுப் பதக்கம் வாங்கியவரின் பிள்ளை என்றால் வரிசையின் தலைக்கே போய்விடலாம். வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடுகிறார்கள். நான் அந்த மேசை முன்னால் நின்றது திங்கட்கிழமை.

இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாமன் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாமன் மகன் நல்லவன்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குத்தான் வேண்டாம்.

"ரெண்டு மெடல் இருக்கு சார். நான் கையில வாங்கிப் பார்த்திருக்கேன்" என்றேன்.

அது பொய் இல்லை. கிழக்கு எல்லையில் நடந்த சண்டை முடிந்து, தன் ஒப்பந்த வருஷங்களும் தீர்ந்து அப்பா ஊர் திரும்பியபோது நான் பத்து வயதுச் சிறுமி. வந்த அன்றே படுக்கைச் சுருளைப் பிரித்து, உள்ளே சட்டைக்குள் சட்டையாகச் சுற்றி வைத்திருந்த இரண்டு பதக்கங்களை எடுத்துக் காட்டினார். ஒன்று காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தது. மற்றது அந்தச் சண்டையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. நான் ரிப்பனை மோந்து பார்த்தேன், பூட்ஸ் வாசனை அடித்தது. மறுநாள் தேடினால் இரண்டையும் காணோம். அதைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். விற்றுத் தின்றுவிட்டார்களோ என்றுகூட நடுவில் நினைத்ததுண்டு.

"அப்ப கொண்டு வரச் சொல்லு. விளிம்புல நம்பர் வெட்டியிருக்கும். அது சரியா இருந்தா நான் பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிப் புத்தகத்தைத் திருத்தச் சொல்றேன். பதில் வர்ற வரைக்கும் தற்காலிகமா ஒரு சான்றிதழ் தர்றேன். ஆனா வியாழக்கிழமைக்குள்ள வந்துடணும், வெள்ளிக்கிழமை நான் முகாமுக்குப் போறேன். ஆளும் நேர்ல வரணும்" என்றார் அதிகாரி.

பக்கத்து மேசைக் குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "தொடையில காயம்னு காட்டுவாங்க சார். அந்த மலையில கரடி அடிச்சாலும் அப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் மேசையில் மைக்கூடு இருந்தது. அதை எடுத்து அவர் தலையில் கவிழ்க்காமல் வெளியே வந்ததை இன்றும் என் பொறுமைக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொள்வேன். எனக்கு இருக்கிற பொறுமைக்கு வேறு சாட்சி கிடையாது.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் மலை ஏறி வந்தேன். அப்பா சாமை விதைக்க நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்.

"மெடலு ரெண்டும் எங்கப்பா?"

மண்வெட்டி பாதியில் நின்றது. "எந்த மெடலு?"

"பட்டாளத்துல குடுத்தது. நான் பாத்தேனே."

"எனக்கு ஒன்னியும் குடுக்கல. போய் கஞ்சி குடி."

விஷயத்தை விளக்கினேன். ஒரு தடவை பொறுமையாக, இரண்டாம் தடவை கத்தி. அவர் குனிந்து கொத்த ஆரம்பித்துவிட்டார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆவணி என் கண்முன்னால் நின்றது. "அப்ப அந்த ஆபீஸ்காரன் சொன்னது சரிதான். அது கரடி அடிச்ச காலு. நீங்க பட்டாளத்துல அண்டா கழுவிக்கினு இருந்திருப்பீங்க" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, ஓடைப் பக்கமாக நடந்து போனார். சரிவில் இறங்கும்போது மட்டும் காயம்பட்ட காலைக் கொஞ்சம் இழுப்பார். அன்றும் இழுத்தார். வாயிலிருந்து வந்ததைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியுமா?

வீட்டுக்குள் அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மேலே கூரையைப் பார்த்தார். "அந்த மூங்கில்ல கீது. ஆனா அவரு சொல்லாம நீ கை வச்ச, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார். எங்கள் கூரையின் மூங்கில்களில் ஒன்றின் வாய் கந்தல் துணியால் அடைத்திருந்தது. எலி புகாமல் இருக்க அடைத்தது என்றுதான் எட்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

புதன்கிழமை காலையில் அப்பாவே என்னிடம் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், எதிரே மேய்ந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"டிஸ்சார்ஜ் ஆவுற அன்னிக்கு ஸ்டோர் முன்னால வரிசையில நிக்க வச்சாங்க. கம்பளி ரெண்டு, பூட்ஸு, தட்டு, டீ குடிக்கிற மக்கு, தண்ணி பாட்டிலு. எல்லாத்துலயும் என் நம்பரு குத்தியிருக்கும். நம்பர் குத்துன சாமான் ஒவ்வொன்னத்தயும் திருப்பிக் குடுத்துட்டுதான் வூட்டுக்குப் போவணும். எனக்கு முன்னால நின்னவன் ஒரு மக்கத் தொலைச்சிட்டான். அரை நாளு வெயில்ல நிக்க வச்சிட்டாங்க. அப்புறம் இன்னொரு ஆபீசு. அங்க ஒரு கிளார்க்கு, மெடல் உண்டான்னு கேட்டாரு."

அவர் ஒரு குச்சியை எடுத்துத் தரையைக் கிளறிக்கொண்டே தொடர்ந்தார்.

"அதோட விளிம்புலயும் என் நம்பரு குத்திதான் கீது. கேட்டா குடுத்துடணும். குடுக்க மனசு வரல. உங்கம்மாவுக்கும் உனக்கும் ஒரு தபா காட்டிட்டாப் போதும்னு இருந்துச்சு. இல்லன்னுட்டேன். அவரு எழுதிக்கினாரு. நான் கையெழுத்துப் போட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் மலையில் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. காட்டு இலாகா சந்தனக் கட்டையில் சுத்தியால் ஓர் எண்ணை அடித்து வைத்திருக்கும். எண் அடித்த கட்டை யார் வீட்டு வேலி ஓரம் கிடந்தாலும் அது சர்க்கார் சொத்து, அந்த வீட்டுக்காரர் மேல் கேஸ். வெட்டியது யார், கொண்டுவந்து போட்டது யார் என்ற பேச்செல்லாம் பிறகுதான். எண் குத்தினால் சர்க்காருடையது. அப்பா பட்டாளத்துக்குப் போகும் முன்பே கற்ற பாடம் இது. பட்டாளத்தில் மக்கும் தட்டும் அதையே இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தன.

"அப்ப அந்தக் கட்டை கேஸு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் வேலியடியில் ஒரு சந்தனத் துண்டு கிடந்தது. வனக்காவலர்கள் தெருவில் நுழைந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வாசலை மிதிப்பதற்கு முன்பே அப்பா ஓடிப்போய், நான்தான் வெட்டினேன் என்று ஒப்புக்கொண்டார். மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். விடுதியில் என்னைக் கட்டைக்காரன் மகள் என்றார்கள். அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"அத நான் தொடவே இல்ல. எவன் போட்டானோ. வூட்டுக்குள்ள பூந்து மூங்கிலத் தட்டிப் பாத்துட்டா? கட்டைன்னா மூணு மாசம். இது பட்டாளத்துச் சொத்து. இன்னா பண்ணுவானுங்கன்னே தெரியாது" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எது வந்தாலும் கடைசியில் கோபமாகத்தான் வரும். "அது உங்களுதுப்பா. உங்களுக்குன்னு குடுத்தது" என்றேன்.

"பூட்ஸும் எனக்குன்னுதான் குடுத்தாங்க."

பதக்கம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களா? அந்த அதிகாரி சொன்னதை நினைத்துப் பார்த்தேன். விளிம்பில் நம்பர் இருக்கும், கொண்டு வரச் சொல்லு, ஆள் நேரில் வரணும். அப்பா எட்டு வருஷமாக எதை நினைத்துப் பயந்தாரோ, அதையே வார்த்தை மாறாமல் அவர் சொல்லியிருந்தார். அப்பாவை நம்பவைக்கப் போய் நானும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

"வேணாம்பா. வுட்டுடலாம்" என்றேன்.

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நீ மாமன் வூட்டுக்குப் போய் சாமை குத்திக்கினு இருக்க வேணாம். நாளைக்கு இறங்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மா ஏணி வைத்து ஏறி மூங்கிலின் வாயிலிருந்து கந்தலை உருவினார். இரண்டு பதக்கங்களும் கறுத்துப் போயிருந்தன. ரிப்பனை ஏதோ பூச்சி அரித்திருந்தது. அப்பா அவற்றைத் துண்டில் முடிந்து பைக்குள் வைத்தார். அதே பைக்குள் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, பல் துலக்க ஒரு பொட்டலம் சாம்பல், ஒரு கம்பளி. எந்தக் கொல்லையில் முதலில் விதைப்பது, யாருடைய ஏரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா சரி சரி என்று தலையாட்டினார்.

"ஒரு நாளு வேலைக்குக் கம்பளி எதுக்குப்பா?"

"உள்ள சிமெண்ட் தரை. குளிரும்."

மலைப்பாதை முடியும் இடத்தில் காட்டு இலாகாவின் சோதனைச் சாவடி. கீழே இறங்குகிறவர்களின் மூட்டைகளைச் சந்தனத்துக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். இறங்குகிறபோது அதை நான் மறந்தே போயிருந்தேன். அப்பா மறக்கவில்லை. சாவடி கண்ணில் பட்டதும் அவர் நடை மாறியது. முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தார்.

காவலர் இளவயதுக்காரர். பையைக் கவிழ்த்தார். கம்பளியைக் கண்டதும், "இந்த வெயில்ல எங்க பெரியவரே, ஊட்டிக்கா?" என்று சிரித்தார். துண்டு முடிச்சை அவிழ்த்தார். சிரிப்பு நின்றது.

"இன்னா இது? வெள்ளியா?"

அப்பா எதிரே இருந்த மரத்தைப் பார்த்தபடி விறைத்து நின்றார்.

"எங்கப்பாவுதுங்க. சண்டையில குடுத்தது" என்றேன்.

அவர் ஒன்றை வெளிச்சத்துக்குத் திருப்பி விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்தார். "நம்பர் கீதே" என்று சொல்லிக்கொண்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே யாரோ பேசுவது கேட்டது, என்ன என்று விளங்கவில்லை. ஒடுகத்தூரில் எங்கள் மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். அது போனால் வேலூர் அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர முடியாது.

"நீ போய்டு. பஸ்ஸு வந்தா ஏறிக்கோ. நான் யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு" என்றார் அப்பா, உதடு அசையாமல்.

"சும்மா நில்லுங்கப்பா" என்றேன்.

காவலர் திரும்பி வந்தார். பதக்கங்களைத் துண்டின்மேல் வைத்தார். "எங்க பெரியப்பாவும் பட்டாளம்தான். அவரு இதைச் சாம்பல் போட்டுத் தேச்சிப் பளபளன்னு வச்சிருப்பாரு. நீங்க இன்னா, இப்படிக் கறுக்க வுட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் மூட்டைக்குப் போய்விட்டார். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ்ஸை ஓடிப் பிடித்தோம். பதக்கம் வைத்திருப்பது குற்றமில்லை என்று அந்தக் காவலர் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். சந்தனம் பார்க்கிற ஆளுக்குப் பட்டாளத்துச் சட்டம் என்ன தெரியும் என்று அப்பா எடுத்துக்கொண்டிருப்பார்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அப்பா துண்டு முடிச்சை அதிகாரியின் மேசையில் வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்றார். "நானே கொண்டாந்துட்டேன் சாப். பொண்ணு மேல ஒன்னும் இல்ல" என்றார்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பதக்கத்தை எடுத்து, விளிம்பின்மேல் ஒரு மெல்லிய தாளைச் சுற்றி, பென்சிலால் மெல்லத் தேய்த்தார். தாளில் எண் வெள்ளையாக எழும்பி வந்தது. "உங்க நம்பர் என்ன?" என்றார்.

அப்பா சொன்னார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. இந்தியில், ஒவ்வோர் இலக்கமாக, தெறித்தாற்போல் வந்தது. கரடிக் குமாஸ்தாகூட நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி தாளையும் புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை என்ன செய்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டோர் வரிசை, மக்கு, நம்பர், மூங்கில். அதிகாரி முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "அது யாருதுன்னு தெரியறதுக்குத்தான் நம்பர் வெட்டறது. திருப்பி வாங்கறதுக்கு இல்ல. செத்தாலும் உங்களுதுதான் அது" என்றார். அப்பா தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

"சரி. ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு வாக்குமூலம் வேணும், அன்னைக்கு ஏன் இல்லைன்னு எழுதினாங்கன்னு. எழுத்தர் பிழையால விடுபட்டதுன்னு ஒரு வரி போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க" என்றார் அதிகாரி.

"பிழை அவரு பண்ணல சாப்" என்றார் அப்பா.

"தெரியுது. வழக்கமா எழுதறதைச் சொல்றேன்."

"அவரு சரியாத்தான் கேட்டாரு. இல்லன்னு சொன்னது நானு. அவரு மேல எப்படிப் பழி போடறது?"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, விசாரணைன்னு போட்டுடுவாங்க. ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் நான் சான்றிதழ் தர முடியாது. உங்க பொண்ணுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள்."

"உண்மைய எழுதிக் குடுக்கறேன் சாப். புடிச்சா புடிக்கட்டும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலேகால். ஐந்து மணிக்கு மூடுவார்கள். அதிகாரி இரண்டு வெள்ளைத் தாளை என்னிடம் நீட்டி, வெளியே உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நான் வாங்கும்போது தாளை அவர் உடனே விடவில்லை. "நீ படிச்ச பொண்ணு. பார்த்துக்க" என்றார்.

சைக்கிள் நிறுத்தும் இடத்தின் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சு. அப்பாவோடு சண்டை போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து போகும் அளவுக்குப் போட்டேன். முகம் தெரியாத ஒரு கிளார்க்குக்காக என் வாழ்க்கையைக் கெடுக்கிறீர்களே என்றேன். அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறாரோ, இந்தக் காகிதத்தை அவர் பார்க்கவா போகிறார் என்றேன்.

"அவரு பாக்க மாட்டாரு. காயிதத்துல இருக்கும் இல்ல" என்றார் அப்பா. "செய்யாததச் செஞ்சேன்னு நான் ஒரு தபா ஒத்துக்கினேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எழுது."

அவர் சொல்ல ஆரம்பித்தார். எட்டு வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் போல, ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. கிளார்க் என்னைக் கேட்டார். நான் இல்லை என்று பொய் சொன்னேன். பதக்கத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்தேன். அவர்மேல் தப்பு இல்லை. சர்க்கார் எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். என் மகளுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

அவர் சொல்லச் சொல்ல என் பேனா ஓடியது. மேற்படி பதக்கங்கள் எனக்கு முறைப்படி வழங்கப்பட்டன. எனது பணிப் புத்தகத்தில் அவை எழுத்தர் பிழையால் விடுபட்டுள்ளன. அதனை உரியவாறு திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அப்பா பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புதான் படித்தவர். அச்செழுத்தை எழுத்துக்கூட்டுவார். என் கூட்டெழுத்து அவருக்கு எறும்பு வரிசைதான். ஆனால் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆறு வாக்கியம் சொன்னால் நானும் ஆறு வாக்கியம் எழுத வேண்டும். மூன்றோடு எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆகவே மேற்படி, மேற்படி என்று அதையே திருப்பித் திருப்பி எழுதினேன். கை நடுங்கவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

தாளைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை அவரிடமே படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அவர்மேல் தப்பு இல்லை என்ற இடம் வந்தபோது தலையாட்டினார். பிறகு பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாக, அவசரப்படாமல் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி தாளை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சான்றிதழில் முத்திரை விழுந்தது. பதக்கங்களை அவர் அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எண்ணைத் தேய்த்தெடுத்த தாளை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டார். மறுநாள் பட்டியலில் என் பெயர் ஏறியது. நான் அதற்காக வருந்தியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன், அதில் எங்கள் மலைப் பிள்ளைகளே நிறையப் பேர். அந்தக் கிளார்க்கை நினைத்தால்தான் மனசு உறுத்துகிறது. அதைவிட, அப்பாவை.

ஏனென்றால் அவருக்கு அன்றோடு முடியவில்லை. சர்க்காரிடம் குற்றத்தை எழுதிக் கொடுத்துவிட்டோம், பதில் வரட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினார். பதக்கங்கள் மறுபடி மூங்கிலுக்குள் போயின. நான் பயிற்சிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன், சரிவில் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கையோடு எழுந்து நிற்பார். கம்பளி மடித்தபடி கொடியில் தொங்கியது. யாரும் வரமாட்டார்கள் அப்பா என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஏன் வரமாட்டார்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? சொல்லாமல் விட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது கடிதம் வந்திருந்தது. ரெக்கார்ட் ஆபீஸ் முத்திரை குத்திய நீள உறை. வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அவர் பிரிக்கவில்லை, வேறு யாரிடமும் காட்டவில்லை. என் பை தோளிலிருந்து இறங்குவதற்குள் உறையை நீட்டினார்.

ஒரே தாள், ஆங்கிலத்தில் தட்டச்சு. இரண்டு பதக்கங்களையும் பணிப் பதிவில் சேர்த்தாகிவிட்டது, எழுத்தர் செய்த பிழைக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான்.

"இன்னா எழுதியிருக்காங்க?"

அவர் கால்கள் இரண்டும் ஒட்டி நின்றன. நான் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தேன். "நீங்க செஞ்சத மன்னிச்சாச்சு. பயப்படாம உண்மையச் சொன்னத சர்க்கார் மெச்சிக்கிது. மெடலு ரெண்டும் உங்களுதுதான், யாரும் கேக்க மாட்டாங்க."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"இன்னொரு தபா படி. அவளும் கேக்கட்டும்."

படித்தேன். மன்னிச்சாச்சு என்றேன். மெடலு உங்களுது என்றேன். நடுவில் நான் என்ன சொல்லியிருந்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது.

"ஒன்ன வுட்டுட்டியே" என்றார் அப்பா. "பயப்படாம உண்மையச் சொன்னத மெச்சிக்கிதுன்னு படிச்சியே. அது எங்க கீது?"

தாளில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தேன்.

"இதுவா?"

"அதாம்பா."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். பிறகு பென்சில் கேட்டார். கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணாமல், மெதுவாக அந்த வரியின் கீழ் ஒரு கோடு இழுத்தார். எழுத்தர் செய்த பிழைக்கு வருந்துகிறோம் என்ற வரி அது.